சின்னத்துரையும் கணக்கப்பிள்ளையும்: மலையக இலக்கியத்தில் இடைநிலை அதிகாரம்

1

மலையகச் சிறுகதைகள் பற்றிய வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் கூறிய சொற்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயின. கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்கு வந்தவர் அவர். கதைகளைப் படித்து முடித்த பின்னர் அவர் எழுந்து, "எங்க அப்பா கணக்கப்பிள்ளைங்க சேர். இந்தக் கதைகள்ல வர்ற எந்தக் கணக்கப்பிள்ளையிலயும் எனக்கு அப்பாவத் தெரியல்ல. ஆனா லயத்துல ஆளுங்க அப்பாவப் பத்திப் பேசினதெல்லாம் பொய்யுமில்ல" என்றார். இடைத்தட்டு வர்க்கத்தின் இரட்டைத்தன்மை பற்றிச் சில வாக்கியங்களைக் கூறி நாம் அன்று அமைந்துவிட்டோம். அவை பாடநூலில் உள்ளவையே, பிழையானவையுமல்ல. எனினும், அவரது வினாவுக்கு அவை விடையாகவில்லை என்பதை நாமும் உணர்ந்தோம், அவரும் உணர்ந்தார்.

மலையக இலக்கியம் பற்றி இதுகாறும் எழுதப்பட்ட விமர்சனங்களை நோக்குமிடத்து, தொழிலாளர் வாழ்வின் துயரம், நாடற்ற நிலை, இடப்பெயர்வு ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளமை புலனாகும். அதற்கு நியாயமும் உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் ஒரு மக்கட் கூட்டத்தின் இருப்பையே வினாவுக்குள்ளாக்கியபோது, இலக்கியமும் விமர்சனமும் அவற்றை முதன்மைப்படுத்தியது இயல்பே. ஆயினும், நாள்தோறும் காலையிற் பெரட்டுக் களத்திலும், மாலையிற் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும், சம்பள நாளன்று ஆபிஸ் வாசலிலும் தொழிலாளியின் முன் அதிகாரமாக நின்றது கொழும்பிலிருந்த சட்டமன்றமன்று. அங்கு நின்றவர்கள் கங்காணியும், கணக்கப்பிள்ளையும், கண்டக்கையாவும், கிளாக்கரையாவும், சின்னத்துரையுமே. இவ்விடைநிலை அதிகாரம் எமது இலக்கியத்தில் எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளது என்பதையும், அச்சித்திரிப்பை விமர்சகராகிய நாம் எவ்வாறு வாசித்தோம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலக்கியத்தை நோக்குமுன் அவ்வதிகாரத்தின் பொருளியல் அடிப்படையை நோக்குதல் வேண்டும். கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் வசமானதன் பின்னர், அதன் மலைச்சாரல்கள் முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் இரையாயின. தோட்ட முதலாளிமார் சங்கம் 1854 இல் கண்டி நகரிலேயே நிறுவப்பட்டது. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1852 இல் பதினாறு பதினேழு வயது இளைஞராக, உதவித் துரையாகவே இலங்கைக்கு வந்தவர். தொழிலாளர் தம் பாடல்களில் மலைநாடு முழுவதையும் 'கண்டிச்சீமை' என்றே குறிப்பிட்டனர்.

தோட்டத்தின் அதிகார அமைப்பு ஏணி போன்றது. கொழும்பிலுள்ள ஏஜென்சிக் கம்பனி, அதன் சார்பில் மேற்பார்க்க வரும் விசிட்டிங் ஏஜண்ட், பெரிய துரை, சின்னத்துரை, ஆபிசிற் கிளாக்கர், ஸ்டோரில் டீமேக்கர், மலையிற் கண்டக்டர், அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என அது இறங்கிச் செல்லும். இவ்வேணியில் ஒவ்வொருவனும் மேலே உள்ளவனுக்கு அஞ்சி, அவ்வச்சத்தைக் கீழே உள்ளவன்மீது இறக்கிவைத்தான். 'சின்ன' என்னும் அடைமொழி ஈண்டுக் கவனிக்கத்தக்கது. சின்னையா, சின்னம்மா என உறவுமுறையில் வழங்கும் அச்சொல், தோட்டத்தில் அடுத்து உயரவிருப்பவன் என்னும் பொருளைப் பெற்றது. சின்னத்துரை என்பவன் பெரிய துரையாக வேண்டிக் காத்திருப்பவன். காத்திருப்பவனிடம் மேலிடத்தார் தேடும் தகுதி, தொழிலாளரிடம் கண்டிப்பாக இருத்தலாம். வேலை கற்கும் காலத்தில் 'கிரீப்பர்' எனப்பட்ட பயிற்சித் துரைமார், கற்பிக்கும் துரைக்குத் தாமே கட்டணம் செலுத்திய வழக்கமும் இருந்தது. அதிகாரத்தின் முதற்படியை விலைகொடுத்து வாங்கியவன், அவ்விலையை மீட்கவும் வேண்டியவனானான்.

மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதலாம் தொகுதியிற் கூட்டுழைப்பைப் பற்றிக் கூறுமிடத்து, தொழிற்சாலையை ஒரு படைக்கு ஒப்பிட்டு, உழைப்பு நிகழும் வேளையில் மூலதனத்தின் பெயரால் ஆணையிடும் அதிகாரிகளும் சார்ஜண்டுகளும் அதற்கு வேண்டியுள்ளனர் என்று காட்டுகிறார். மூன்றாம் தொகுதியில் மேற்பார்வை உழைப்பின் இரட்டைத்தன்மையை அவர் விளக்குகிறார். பலர் கூடிச் செய்யும் எவ்வேலைக்கும் ஒழுங்குபடுத்துவோன் ஒருவன் வேண்டும். வாத்தியக் குழுவுக்கு அதன் நடத்துநன் வேண்டியிருப்பது போல. அது பயனுள்ள உழைப்பு. மறுபுறத்தில், உழைப்பவனுக்கும் உடைமையாளனுக்கும் இடையிலான பகைமையிலிருந்து பிறக்கும் கண்காணிப்பும் அதே மனிதனிடம் ஒப்படைக்கப்படுகிறது. எந்த மலையில் எத்தனை பேர் கொழுந்தெடுப்பது, எந்த மலை கவ்வாத்துக்கு உரியது என வகுப்பவரும், பிந்தி வந்தவளை வீட்டுக்குத் திருப்பியனுப்புபவரும் ஒரே கண்டக்கையாதான். இவ்விரண்டும் ஒரே ஆளில், ஒரே நாளில், ஒரே குரலில் நிகழ்வதே சிக்கலின் முடிச்சு.

இதற்குச் சாதியும் பாலும் துணைநின்றன. கங்காணிமாருட் பலர் குடியானவச் சாதிகளைச் சேர்ந்தோர்; அவர்தம் ஆளணியிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கொழுந்து பறிப்போர் பெண்கள். நிறுத்து எழுதுவோர் ஆண்கள். வேலைக்கு வந்த தலைகளின் எண்ணிக்கைப்படி கங்காணிக்குக் காசு கிடைத்தது. 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவிய 'துண்டு' முறையோ, கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டம் செல்ல முடியாதவாறு அவனைக் கட்டிவைத்தது. ஊர்ப் பெரியதனமும் சாதி மேலாண்மையும் முதலாளித்துவ உற்பத்தியின் காவற்காரராக மாற்றப்பட்ட இவ்வமைப்பை வெறும் 'நிலப்பிரபுத்துவ எச்சம்' என்று கூறி ஒதுக்குதல் பொருந்தாது. மூலதனம் அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்தியது என்பதே சரி.

3

அதிகாரம் முதலில் மொழியில் வெளிப்படுகின்றது. இவ்வகையில் எமது ஆய்வாளர் அதிகம் நோக்காத ஓர் எழுத்து வகையுண்டு. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கும் கைந்நூல்களே அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிற் கொழும்பிலே வெளிவந்த அத்தகைய நூலொன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். அது சின்னத்துரையின் சட்டைப்பைக்குரிய தமிழ் வழிகாட்டி எனத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. 1915 இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலோ 'கூலித் தமிழ்' என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கியது.

இத்தலைப்புகளே ஒரு சமூகவியலைக் கூறுவன. பதினெட்டு இருபது வயதுடைய ஓர் இளைஞன் தமிழ் மொழியிற் கற்கும் முதல் வாக்கியம், தன் தாயின் வயதுள்ள பெண்ணையும் 'வா' என ஒருமையில் அழைக்கும் ஏவல். தமிழின் மரியாதைப் பன்மையும், உறவுப் பெயர்களால் விளிக்கும் வழக்கும் அவனுக்கு வேண்டப்படாதவை. தொழிலாளியோ அவனிடம் 'தொரைங்களே' எனப் பன்மையிற் பேச வேண்டியிருந்தது. ஒரே மொழிக்குள் இரண்டு இலக்கணங்கள் இயங்கின. ஏவலும் வினாவும் ஒருவனுக்கு; விடையும் மன்றாட்டும் மற்றவளுக்கு.

மேலும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். துரைக்குத் தெரியாத தமிழ் மீந்திருந்தது. அம்மீதியிலேதான் மலையக நாட்டார் பாடல் பிறந்தது எனலாம். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இதற்குச் சான்று பகரும். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் ஏசியும் எள்ளியும் பாடும் பாடல்கள் இம்மரபின் முக்கிய கூறாகும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத் துரைக்கு விளங்காத பாடல், தமிழனாகிய கணக்கப்பிள்ளைக்கு நன்கு விளங்கும். விளங்கியும் விளங்காதவன்போல் அவன் மலையில் நடந்து செல்ல வேண்டும். அடக்குபவனும் அடக்கப்படுபவளும் ஒரே மொழியைப் பகிரும் இந்நிலை, துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் இல்லாத ஒரு வெட்கத்தை இவர்களிடையே தோற்றுவித்தது. அவ்வெட்கத்தை எமது புனைகதை இன்னும் முழுமையாக எழுதவில்லை.

4

புனைகதைக்கு வருவோம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) முதலாக மலையக நாவல்களில் ஆட்கட்டும் கங்காணி ஒரு நிலையான வார்ப்பாகிவிட்டான். இந்தியத் தோட்டங்களைப் பற்றிய ஆக்கங்களிலும் இதனைக் காணலாம். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் எழுதி, 2007 இல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்த நாவலிலும் (ஆங்கில மூலம் 1969) மேஸ்திரியின் பங்கு அத்தகையதே. முல்க் ராஜ் ஆனந்தின் 'இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்' (1937) அஸ்ஸாம் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. அதில் உதவித் துரையாகிய ரெஜி ஹண்ட், கங்கு என்னும் தொழிலாளியைக் கொன்றும் வழக்கிலிருந்து விடுதலையாகிறான். ஆனந்தின் பிறிதொரு நாவலைத் 'தீண்டாதான்' எனத் தமிழாக்கியவர் கண்டியை அடுத்த தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ் என்பதும், இலங்கை முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் தொடக்கத்தில் அவர் முன்னின்றவர் என்பதும் நினைவுகூரத்தக்கன. ஆனந்தின் வழி எமக்கும் அந்நியமானதன்று.

ஆனந்தின் நாவலில் நீதிமன்றம் கொலையாளியை விடுவிக்கும்போது, குற்றம் தனிமனிதனைக் கடந்து அவனைக் காக்கும் அமைப்பின்மீது செல்கின்றது. அது அந்நாவலின் வலிமை. ஆயின், ரெஜி ஹண்டின் குரூரம் அவனது காமத்திலும் மதுவிலும் வேரூன்றியதாகக் காட்டப்படும்போது, குடியாத, ஒழுக்கமுள்ள உதவித் துரையொருவன் வந்திருந்தால் யாவும் சீராகியிருக்குமோ என்னும் மயக்கத்துக்கு இடமேற்படுகிறது. எமது புனைகதைகள் பலவற்றில் அம்மயக்கம் முடிவாகவே ஆகிவிடுகின்றது. தீய கணக்கப்பிள்ளை பிடிபடுவான். பெரிய துரையிடம் முறையீடு போகும். துரை விசாரித்துத் தண்டிப்பார். உண்மையிற் கணக்கப்பிள்ளை என்னும் பதவியின் பயன்களுள் ஒன்று, தொழிலாளரின் கோபத்தைத் தன்மீது வாங்கிக்கொண்டு அதனை மேலே செல்லவிடாது தடுப்பதாகும். அவனையே இறுதிப் பகைவனாக்கும் கதை, அறியாமலே அப்பதவியின் வேலையைச் செய்கின்றது.

இவ்வார்ப்பிலிருந்து விலகி நிற்பது என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. 1960களின் தொடக்கத்தில் வெளிவந்து, 1980 இல் அதே பெயர்கொண்ட தொகுதியின் தலைப்புக் கதையானது அது. வழமைக்கு மேலாகக் கொழுந்து பறித்த இளம்பெண் ஒருத்தியின் நேர்மை ஐயத்துக்குள்ளாகிறது; தன் கைத்திறனாலேயே அவள் அவ்வையத்தைக் களைகிறாள். பெண்ணின் தன்மானத்தைப் பாடும் கதையென இதனைப் பாராட்டியுள்ளோம். அப்பாராட்டு பொருத்தமானதே. ஆனால் இன்னோர் அடுக்கும் உண்டு. ஒரு பெண் எத்தனை இறாத்தல் பறித்தாள் என்னும் கணக்கு, அவளது ஒழுக்கம் பற்றிய கணக்காக ஏன் மாறவேண்டும்? எழுதுபவன் ஆண் என்பதாலும், அவன் நினைத்தால் இறாத்தலைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது யாவரும் அறிந்ததாலுமே. செக்றோலில் ஓடும் பென்சிலுக்கு அத்தகைய அதிகாரம் இருக்கும் இடத்தில், நேர்மையான கணக்கப்பிள்ளையும் ஐயத்துக்குரியவனே. திறமையுள்ள தொழிலாளியும் ஐயத்துக்குரியவளே. இராமையா எவரையும் அரக்கனாக்காமல் இவ்வமைப்பின் நச்சுத்தன்மையைக் காட்டிவிடுகிறார். கூடையின் நிறைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் இறாத்தல்களைப் பற்றிய சர்ச்சை எத்தனையோ வேலைநிறுத்தங்களுக்கு வித்திட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, இக்கதையின் அரசியல் தெளிவாகப் புலப்படும்.

5

தீய அதிகாரியின் மறுபக்கம் நல்ல துரை என்னும் வார்ப்பு. இதனைப் பரிசோதிக்க வரலாறே எமக்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளது.

1936 இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, கண்டிக்கு வடகிழக்கே மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திற் பயிற்சித் துரையாகச் சேர்ந்தார். தொழிலாளருடன் அவர் பழகிய விதமும் அவர்களுக்குச் சார்பாக நின்றதும் மேலிடத்துக்கு ஒவ்வாமல், வேலை பறிபோயிற்று. அவர் லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அம்மாதம் 22 ஆம் நாள், 48 மணித்தியாலத்துள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்ரப்ஸின் கட்டளை அவருக்குக் கையளிக்கப்பட்டது. அவர் தலைமறைவாகி, மே 5 ஆம் நாள் காலிமுகத்திடற் கூட்டத்தில் மக்கள் முன் தோன்றினார். மே 18 ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இலங்கை இடதுசாரி இயக்க வரலாற்றில் இந்நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டதே. இலக்கிய விமர்சகருக்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. பிரேஸ்கேர்டில் நல்ல துரையாக நீடிக்க முடியவில்லை. தொழிலாளருடன் மனிதனாகப் பழகத் தொடங்கிய அளவிலேயே அவர் துரையாக இருக்கும் தகுதியை இழந்தார். அன்பு காட்டும் துரையைத் தோட்டம் பொறுத்துக்கொள்ளும்; ஏணியை அசைக்கும் துரையைப் பொறுத்துக்கொள்ளாது. அதே 1937 இல் வெளிவந்த ஆனந்தின் நாவலிலும், தொழிலாளர் பக்கம் சாய்ந்த வைத்தியர் டி லா ஹாவர் பதவியிழக்கிறார். கற்பனையும் வரலாறும் இங்கு ஒரே விதியைக் காட்டுகின்றன. எமது கதைகளில் வரும் நல்ல துரையோ, நல்லவராகவும் துரையாகவும் கடைசிப் பக்கம்வரை நீடிக்கிறார். விதியை மீறும் அவரது நற்பேறு எங்கிருந்து வந்தது என நாம் ஆசிரியரைக் கேட்டதில்லை.

அடுத்த மூன்றாண்டுகளுள், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நல்ல துரை, தீய துரை என்னும் அறவியற் பிரிவினையால் அச்சாவினை விளக்க இயலாது.

6

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பங்களாவில் இருப்பவர் மாறினார்; பங்களா மாறவில்லை. கண்டியினதும் கொழும்பினதும் உயர்தரப் பாடசாலைகளில் ஆங்கிலமும் விளையாட்டுத் திடலும் பயிற்றிய உள்ளூர் இளைஞர் சின்னத்துரைமாராயினர். அரைக்காற்சட்டையும் நீண்ட காலுறையும் 'துரை' என்னும் விளியும் அப்படியே தொடர்ந்தன. 1992 இல் முகாமைத்துவம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் பல தோட்டங்கள் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவக் கம்பனி ஆகிய அரச நிறுவனங்களிடமே எஞ்சின. அவற்றில் ஊழியர் சேமலாப நிதி நிலுவை நீண்டகாலப் பிரச்சினையானபோது, ஆபிஸ் ஜன்னலில் நின்று விடை கூறவேண்டியிருந்தவர் அந்நிலுவைக்குப் பொறுப்பில்லாத கிளாக்கரையா. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டபோது, எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர், எத்தனை குறைந்தால் அரைப்பேர் என்பது மலைதோறும் சர்ச்சையாயிற்று. அரைப்பேர் போடும்படி தீர்மானிப்பவர் கொழும்பில் இருக்கிறார். போடுபவர் மலையில் நிற்கிறார்.

மலையில் நிற்கும் அவர் இப்போது பெரும்பாலும் யார் என்பதே எம்முன் உள்ள புதிய வினா. லயத்திற் பிறந்து, தோட்டப் பாடசாலையிற் படித்து, உயர்தரமோ பட்டமோ பெற்று வெளி உத்தியோகத்தராகும் இளைஞர்கள் உளர். தாய் கொழுந்தெடுக்கும் மலைக்கு அயல் மலையில் மகன் கிலோக் கணக்கு எழுதுகிறான். மேலிருப்போர் 'உங்கள் ஆட்கள்' என்கின்றனர். கீழிருப்போர் 'துரையின் ஆள்' என்கின்றனர். மாதாந்த இலக்கை எட்டாவிடிற் கூட்டத்தில் அவமதிப்பு. எட்டினால் லயத்தில் வசை. உடன் பணியாற்றுவோர் பதவியுயர்வுக்காக ஒருவரையொருவர் மேலிடத்தில் காட்டிக்கொடுப்பதும் உண்டு. இவற்றை அலுவலகச் சில்லறைச் சண்டைகள் என ஒதுக்குதல் தகாது. வர்க்கப் பகைமை ஒரு மனிதனின் காலை நேரத்துக்குள்ளும் இராச் சோற்றுக்குள்ளும் புகும் வழி இதுவே.

இவ்வாறு கூறுமிடத்து, அடக்குபவனுக்கு அனுதாபம் தேடுகிறோமா என முற்போக்கு வாசகர் வினவலாம். அவ்வினா நியாயமானது. இறாத்தலைக் களவாடியவன் களவாடியவனே. பெண்ணிடம் அத்துமீறியவனுக்குப் பதவி சாட்டாகாது. எமது வேண்டுகோள் வேறு. மனிதனைக் குற்றவாளியாகக் காட்டி முடியும் கதை, அவ்விடத்துக்கு நாளை வரவிருக்கும் மனிதனைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. பதவி எவ்வாறு ஒருவனை ஆக்குகிறது, அவன் எவ்விடத்தில் அதற்கு உடன்படுகிறான், எவ்விடத்தில் மறுக்க முடிந்தும் மறுக்காது விடுகிறான் என்பதை எழுதும் கதையே அவனது குற்றத்தையும் முழுமையாக அளக்கவல்லது. தோட்டங்களில் வாழ்ந்து பணியாற்றி எழுதிய தெளிவத்தை ஜோசப் (1934 – 2022) போன்றோர், லயத்து மனிதரின் வாழ்வை வெளியிலிருந்து இரங்கி நோக்காது உள்ளிருந்து எழுதிக் காட்டினர். அதே உள்நோக்கு ஆபிஸ் மேசைக்கும் பெரட்டுக் களத்தின் மறுபக்கத்துக்கும் திரும்புதல் வேண்டும்.

அதற்குச் சான்றாதாரங்கள் அழிந்து வருகின்றன. பழைய செக்றோல்கள், கணக்கப்பிள்ளைமாரின் குறிப்புப் புத்தகங்கள், துரைமாருக்கான தமிழ்க் கைந்நூல்கள், ஓய்வுபெற்ற கிளாக்கர்மாரின் நினைவுகள் ஆகியன எமது தமிழ்த் துறைகளின் தொகுப்பு முயற்சிகளுள் இடம்பெறல் வேண்டும். அவற்றையும் பனுவல்களாகப் படிக்க நாம் பழகவேண்டும்.

முதலிற் குறிப்பிட்ட மாணவரிடம் நாம் மீண்டும் பேசினோம். தந்தை இப்போது ஓய்வுபெற்றுவிட்டாரெனவும், அவர் எழுதிய பழைய குறிப்புப் புத்தகங்கள் வீட்டுப் பரணில் உள்ளனவெனவும் கூறினார். அவற்றைக் கொண்டுவந்து, தந்தையிடமும், அவரது கணக்கில் அரைப்பேர் விழுந்த பெண்களிடமும் கேட்டு எழுதுமாறு சொன்னோம். அப்பாவிடம் கேட்பதுதான் கடினம் என்றார். எழுதத் தொடங்கியிருக்கிறார்.